கோடாலி போட்டுப் பெரிதாக்கிய அறை

பிஷ்கெக்

என் கண்ணு எர்மெக்குக்கு, உன் நெற்றியை இங்கிருந்தே முகர்ந்துகொண்டு அம்மா எழுதுவது. இர்குட்ஸ்க் பனியில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். என் சுண்டுவிரல்தான் ஒடிந்து கட்டுப் போட்டிருக்கிறது, எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. பதறாமல் முழுதும் படி. உன் அக்கா குல்சைரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உன் அத்தான் காசிபெக், அந்த நாசமாய்ப் போறவன், பூட்ஸ் காலால் அவள் முகத்தில் உதைத்திருக்கிறான். ஒரு கண் திறக்கவில்லை, முன்பல் ஒன்று இல்லை.

அன்று நான் ஒரு மடத்தனம் செய்தேன். கட்டிக்கொடுத்த பெண் விருந்தாளி என்று, பழக்க தோஷத்தில் அவளைக் கதவுக்கு எதிரே, விருந்தாளிகளை உட்கார வைக்கிற மேல்பக்கத்தில், இருப்பதிலேயே தடித்த மெத்தையைப் போட்டு உட்கார வைத்தேன். நல்ல கறித்துண்டை அவள் முன்னால் வைத்தேன். காலையில் பார்த்தால் மூட்டை கட்டுகிறாள். "விருந்தாளி எத்தனை நாளும்மா இருப்பா? இந்த ஒத்த ரூம்ல நீயும் அப்பாவும் திரும்பிப் படுக்கவே இடமில்ல. நான் அவர்கிட்டயே போயிடறேன்" என்கிறாள். இனி அங்கே போனால் அடுத்த முறை பிணமாகத்தான் வருவாள், எர்மெக். அவளுக்கு இந்த வீட்டில் இடம் இருக்கிறது என்று கண்ணில் காட்டினால்தான் நம்புவாள்.

பாதி அறையை எது தின்கிறது? சுவரை அடைத்து நிற்கும் உன் அப்பாவின் அலமாரிதான். "அதுல கை வச்சே, நடக்கறதே வேற! பேரு எழுதி வச்சு, வரிசையில நின்னு வாங்கினது" என்று கத்தினார். "அலமாரியோடயே குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு, பால்கனியில் கிடந்த எலும்பு வெட்டும் கோடாலியை எடுத்து ஓங்கிப் போட்டேன். கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் தூள். கீழ்வீட்டுக்காரி சத்தம் தாங்காமல் வெந்நீர்க் குழாயைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனாள். பிறகு சாப்பாட்டு மேசையின் கால்களை அறுத்தேன், தரையில் போட்டுச் சாப்பிடலாம், முடிந்ததும் சுவரில் சாய்க்கலாம். மெத்தைகளை எல்லாம் பெட்டிமேல் கூரைவரை அடுக்கினேன். அலமாரியில் இருந்த பெரிய கண்ணாடியைப் பெயர்த்து ஜன்னலுக்கு எதிரே சாய்த்தேன், வெளிச்சம் உள்ளே கொட்டியது.

அந்த நேரம் பார்த்து காசிபெக் வந்தான், குடித்துவிட்டு. உதைத்த உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. "ஏ கிழவி, என் பொண்டாட்டி எங்கடி?" என்று கேட்டவன், உன் அக்காவின் முடியைச் சுருட்டிப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். குழந்தை வீறிட்டது. என் கையில் அறுத்த மேசைக்கால். முழங்கையில் ஒன்று போட்டேன், எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, பிடியை விட்டான். மறு கையால் என் விரலை முறுக்கி ஒடித்துவிட்டுக் கழுத்தைப் பிடித்தான். கண் இருட்டியது. அதுவரை உடைந்த அலமாரிக்கு அழுதுகொண்டிருந்த உன் அப்பா, அதே அலமாரிக் கதவைத் தூக்கி அவன் மண்டையில் இறக்கினார். ரத்தம் கம்பளம் முழுக்க. உன் அக்காவே அவனைக் காலைப் பிடித்து இழுத்துப் படிக்கட்டில் உருட்டினாள். நானாக இருந்தால் ஜன்னல் வழியாக அனுப்பியிருப்பேன்.

அப்பா மூச்சிரைக்க நின்றார். பிறகு கோடாலியை எடுத்து மிச்ச அலமாரியையும் அவரே பிளந்தார். தட்டிப் பெருக்கினதும் பார்க்கணுமே! குழந்தை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடுகிறாள். சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்தோம். நான் மறுபடியும் அந்த மேல்பக்கத்தைக் காட்டினேன். உன் அக்கா போகவில்லை. கதவோரம், நான் உட்காருகிற இடத்தில், டீக்கு வெந்நீர் கொதிக்கிற சமோவார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நீ மேல போய் உக்காரும்மா, உன் விரல்ல கட்டு. இனிமே டீ நான்தான் ஊத்துவேன்" என்றாள். நான் மேலே போய் உட்கார்ந்தேன். கண்ணீர் கோப்பையில் விழுந்தது.

உனக்கு நீண்ட ஆயுசும், நல்ல மனசுள்ள பெண்ணும் கிடைக்கட்டும். காசிபெக் போன் செய்து அழுவான், எடுக்காதே. கத்தியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறாதே, இங்கே வேலை முடிந்துவிட்டது. லீவு கிடைக்கும்போது வா, நீட்டிப் படுக்க இடம் இருக்கிறது. ஆனால் உன்னையும் மேலே உட்கார வைக்கமாட்டேன், கதவோரமாகவே உட்கார்.

உன் அம்மா,
ரக்கியா