முதல் வகுப்பு இனி பத்து மணிக்கு

என் முத்துமாரிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாத கடிதம் இது. ஆனால் சொல்ல ஒரு நல்ல சேதி இருக்கிறது. நம் சட்டக் கல்லூரியில் இப்போது முதல் வகுப்பு பத்து மணிக்குத்தான்.

மாணவர் பேரவையின் கல்விக் குழுவில் நாம் ஐந்து பேர். ஒன்பதரை மணி வகுப்பைப் பத்துக்கு மாற்றச் சொல்லி நீ தீர்மானம் கொண்டுவந்தாயே, நினைவிருக்கிறதா? ஓட்டப்பிடாரம் பக்கத்து உன் கிராமத்தில் முதல் பஸ் ஏறி, கோவில்பட்டியில் மாறி, நீ வந்து சேர ஒன்பதே முக்கால் ஆகிவிடும். அதற்குள் வருகைப் பதிவேட்டை மூடியிருப்பார்கள்.

"பஸ் பிந்தி வந்தா அது எங்க தப்பா? வருகை குறைஞ்சு பரீட்சை எழுத விடலைன்னா, எங்க வீட்ல மறுபடி படிக்க அனுப்புவாவளா?" என்று கேட்டாய்.

குழுத் தலைவராக இருந்த சீனியர், "பிரின்சிபால் கோவப்பட்டா குழுவையே கலைச்சிருவாவ" என்றார். வாக்கெடுப்பில் இரண்டுக்கு இரண்டு. மிச்சம் நான்தான். நடந்தே கல்லூரிக்கு வருகிறவள் நான். உனக்கு எதிராகக் கை தூக்கினேன். ஏன் அப்படிப் பயந்தேன்?

"விடுட்டி. அடுத்த கூட்டத்துக்கு ஆதாரத்தோட வாரேன்" என்று நீ சிரித்ததுதான் அதிகம் சுட்டது.

மறுநாளிலிருந்து பஸ் வந்து சேரும் நேரத்தை ஒரு நோட்டில் எழுதி, தினமும் கண்டக்டரிடம் கையெழுத்து வாங்கினாய். ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டாய். நோட்டு பாதியில் நின்றது.

துக்கம் கேட்க வந்த நான் உன் அம்மாவிடம் அதைக் கேட்டு வாங்கினேன். இரண்டு வாரம் உங்கள் வீட்டிலேயே தங்கினேன். கரிசல் சேறு காலைப் பிடித்து இழுக்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அதே முதல் பஸ்ஸில் ஏறினேன்.

கண்டக்டர் நோட்டைப் பார்த்ததும், "நீ அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாம்மா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"அப்போ ரயில்வே கேட்ல நின்ன நேரத்தையும் சேத்து எழுது. ஒண்ணையும் விட்டுராத."

அடுத்த கூட்டத்தில் ஐந்து கைகளுக்குப் பதில் நான்குதான், நான்கும் உயர்ந்தன. சீனியரும் எங்களோடு முதல்வர் அறைக்கு வந்தார். முதல்வர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இதை ஏன் முதல்லயே எங்கிட்ட கொண்டுவரல?"

"பயந்துட்டோம், சார்" என்றேன். வேறென்ன சொல்ல? அவர் கோபப்படவே இல்லை, மாரி. அன்றே கையெழுத்துப் போட்டார்.

இறந்தவர் பெயரைக் கூட்டக் குறிப்பில் எழுதலாமா என்று ஒருவர் தயங்கினார். நான் விடவில்லை. முன்மொழிந்தவர் முத்துமாரி, வழிமொழிந்தவர் நான் என்றே எழுதினோம். உன் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் எல்லோரும் இந்த முறை பரீட்சை எழுதினார்கள். ஒருத்தி இப்போது குழுவில் உன் இடத்தில் இருக்கிறாள். என்னைவிடச் சத்தமாகப் பேசுகிறாள்.

உன் தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டாள். "சட்டமெல்லாம் எனக்கு ஒத்து வராதுக்கா, நர்சிங்தான் படிப்பேன்" என்கிறாள். உன் அம்மா யோசிக்கிறார். அடுத்த ஞாயிறு நான் போய்ப் பேசுகிறேன். விண்ணப்பம் வாங்கவும், சேரும் நாளில் கூடப் போகவும், படிப்பு முடியும்வரை அவளுக்கு என்ன தேவை என்று கேட்கவும் நான் இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் வீட்டில் இன்னொரு மகளாகிவிட்ட,
உன் தோழி வேலம்மாள்