முன் பிரேக் மாற்றிய விவரம்

தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் வழக்கம் நமக்குள் அற்றுப்போய்ப் பதினொரு வருடமாகிறது. இப்போது திடீரென்று தொடங்கினால் இருவருக்குமே கூச்சமாக இருக்கும். உனக்குத் தலை நரைத்துவிட்டது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாய் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் மகள் உன்னோடு பேசுவது எனக்குத் தெரியாது என்று நீங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினால் தண்ணீர்தான் வீணாகிறது. "சித்தப்பா" என்ற சொல் கூடத்து நாற்காலி வரை நன்றாகவே கேட்கிறது.

விஷயம் நம் பிக்கப் வண்டியைப் பற்றியது. நான் அதை விற்கவில்லை. உன் அண்ணியின் காரியம் முடிந்த பிறகு, நசுங்கிய கதவை மட்டும் மாற்றிக் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடினேன். விற்றால் வேறு எவனோ அதில் போவதை ரோட்டில் பார்க்க வேண்டிவரும். ஓட்டினால் நான் ஓட்ட வேண்டும். இரண்டும் வேண்டாமென்று அப்படியே விட்டுவிட்டேன்.

மகள் நாற்றுப் பண்ணை வைத்திருப்பதை உனக்குச் சொல்லியிருப்பாள். மண் தொட்டிகளும் உர மூட்டைகளுமாகப் பாரம் ஏற்றித் தண்ணீர்த் தொட்டி இறக்கத்தில் இறங்கித்தான் ஊருக்குள் கொண்டுபோக வேண்டும். ஆம், அதே இறக்கம்தான். போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "வண்டி சும்மாதானேப்பா நிக்குது, நான் எடுத்துக்கறேனே" என்றாள். என் மனைவி கேட்கும் தொனி அப்படியே இருந்தது, கேள்வி மாதிரி வந்து முடிவாக உட்காருகிற தொனி. முன் பிரேக் இரண்டையும் பெரிதாக மாற்றிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன். நாள் கடத்தலாம் என்று நினைத்தேன். அவள் மறுநாளே மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

அந்த மெக்கானிக்குக் கடைத்தெருவில் "அவசரம்" என்று பெயர். எதையும் அவசரப்பட்டுச் செய்யமாட்டான் என்பதால் வந்த பெயர். என்னிடம் பௌதிகம் படித்தவன். என் மாணவர்களில் எனக்கு இன்னமும் எழுந்து நிற்கிற ஒரே ஆள். பள்ளிக்கூடத்தில் என்னைத் தாண்டி யாரைத் தலைமை ஆசிரியராக்கினார்கள் என்பதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அந்த மனிதர் போன வருடம் ஓய்வுபெற்றபோது மாலை போட நான் போகவில்லை. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். எழுத வேண்டியதைத் தள்ளிப்போடுகிறேன், அவ்வளவுதான்.

விபத்துக்கு முந்தின வாரம் முன் பிரேக்கை மாற்றியது நான்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க். மெக்கானிக்குகள் எல்லாரும் அரைகுறைகள் என்று எனக்கு எண்ணம், "வாத்தியாருக்கு எதுக்கு சார் இந்த வேலை" என்று ஒருவன் சிரித்தது வேறு. பழைய சாமான் கடையில் கிடந்த ஒரு வண்டியிலிருந்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இரண்டைக் கழற்றிக் கொண்டுவந்தேன். அச்சாக ஒரே மாதிரி, எந்தப் பக்கமும் மாட்டலாம் போலிருந்தன. நோட்டில் படம் போட்டு, ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் கொடுத்து மூன்று நாள் செய்தேன். கடைசியில் பிரேக் எண்ணெயில் சிக்கிய காற்றை எடுக்கும்போது உன் அண்ணிதான் ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். நான் சக்கரத்தருகே படுத்துக்கொண்டு "மிதி, பிடி, விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில்தான் சொன்னேன். "காலுக்கடியில பஞ்சு மாதிரி இருக்குங்க" என்றாள். உனக்கு மிதிக்கத் தெரியவில்லை என்று அவளிடம் சொன்னேன்.

நீயும் சொன்னாய். அவளை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுப்பதற்கு முன்னால், "அண்ணா, பெடல் கொஞ்சம் மெத்துன்னு இருக்கே" என்றாய். புது பிரேக் அப்படித்தான் இருக்கும், நான் படித்துவிட்டுத்தான் மாட்டியிருக்கிறேன் என்றேன்.

அதற்கப்புறம் நடந்ததை நான் உனக்கு எழுதத் தேவையில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று நீ எல்லாரிடமும் சொன்னாய். வண்டியைச் சோதித்த அதிகாரி பெடலை நாலைந்து முறை விடாமல் மிதித்துப் பார்த்து, பிடிக்கிறது என்று எழுதினார். அத்தனை முறை மிதித்தால் எதுவும் பிடிக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்ற விடவில்லை. மருத்துவமனை வராந்தாவில், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிட்டு என் வேலை மேல பழி போடாதே" என்று உன்னைச் சொன்னேன். கையில் கட்டோடு நின்றாய். அடுத்த மாதம் ஊரைவிட்டுப் போய்விட்டாய். குற்றமுள்ள மனசு நிற்காது என்று அதையும் என் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அவசரம் முன்சக்கரங்களைக் கழற்றினான். உள்ளே பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். "எந்தப் புண்ணியவான் சார் மாட்டினது? ரைட்டை லெஃப்ட்ல போட்டு லெஃப்டை ரைட்ல போட்டு வச்சிருக்கான். காத்து வெளிய போற திருகு மேல இல்ல இருக்கணும், இங்க தரையைப் பாத்துட்டு இருக்கு. இதுல நாள் பூரா காத்து எடுத்தாலும் பாதி உள்ளயேதான் நிக்கும்" என்றான்.

சொல்லிக்கொண்டே காலிப்பரைத் திருப்பித் துடைத்தான். வெள்ளைப் பெயின்டில் "இ" என்ற எழுத்து தெரிந்தது. இடது என்பதற்காக நான் போட்ட எழுத்து. கழற்றும்போது அந்தப் பழைய வண்டிக்கு எதிரே, வகுப்புக்கு எதிரே நிற்பதுபோல நின்றுகொண்டு, என்னுடைய இடதை வண்டிக்கு இடதாக எழுதியிருக்கிறேன். ஐந்து வருடம் கரும்பலகையில் என் கையெழுத்தைப் பார்த்தவன் அவன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. பெட்ரோல் நனைத்த துணியை எடுத்து அந்த எழுத்து போகும்வரை தேய்த்தான். பிறகு, "பழசெல்லாம் இப்படித்தான் சார் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனான். தலைமை ஆசிரியர் பதவி போனபோதுகூட எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்ததில்லை.

திரவம் அமுங்காது, காற்று அமுங்கும். இருபத்தாறு வருடம் இதைப் பாடம் நடத்தியிருக்கிறேன். பெடலை மிதித்தால் காற்று அமுங்கும், பிரேக் பிடிக்காது. அன்றைக்கு இறக்கத்தில் உன் காலுக்குக் கீழே பிரேக் இல்லை. நீ சொன்னது உண்மை. இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வரியை அடிக்கவில்லை, அப்படியே இருக்கிறது.

அவன் எழுத்தைத் தேய்த்தபோது மகள் கொட்டகை வாசலில் நின்று தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "என்னப்பா ஆச்சு" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று பட்டது.

வேலை முடிந்துவிட்டது. பெரிய டிஸ்க், புதுக் காலிப்பர், புது ஹோஸ், மாஸ்டர் சிலிண்டரும் புதிது. காற்று எடுக்கும்போது இந்த முறை நான்தான் உள்ளே உட்கார்ந்தேன். அவசரம் கீழே இருந்து "மிதிங்க சார், பிடிங்க" என்று சொல்லச் சொல்ல மிதித்தேன். முதலில் பஞ்சு மாதிரி இருந்தது. அவள் சொன்ன அதே பஞ்சு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக் கல்லாக நின்றது. காலை எடுக்க மனம் வரவில்லை. "போதும் சார், விடுங்க" என்று அவன் இரண்டு முறை சொன்னான்.

பக்கத்து சீட்டுக்குக் கீழே இருக்கும் ரப்பர் விரிப்பு உனக்கு நினைவிருக்கிறதா? நீ வேகமாகப் போனால் அவள் தன் பக்கம் பிரேக் இருப்பதுபோலக் காலை அழுத்துவாள். "உங்க பக்கமும் ஒரு பெடல் வச்சுடலாமா அண்ணி" என்று நீ கிண்டல் செய்வாய். அந்தக் குதிகால் பட்ட இடம் ரூபாய் நாணயம் அளவுக்குக் குழிந்து கிடக்கிறது. புது விரிப்பு வாங்கியும் மாற்றவில்லை. சமதரையில் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது, நான் பிரேக்கை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விரிப்புக்கு அடியிலிருக்கும் தகரம் டக்கென்று ஒலித்தது. நான் மிதிப்பதற்கு ஒரு கணம் முன்னால். பக்கத்தில் வந்த அவசரத்தைக் கேட்டேன். "எனக்கு எதுவும் கேக்கலையே சார்" என்றான். அவன் கால்கள் இரண்டும் சீட்டின் மேல் மடக்கி இருந்தன.

உன்மேல் எனக்கு வருத்தம் இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். வராந்தாவில் நீ திருப்பி ஒரு வார்த்தை கத்தியிருந்தால், போய்க் கழற்றிப் பார் என்று சட்டையைப் பிடித்திருந்தால், பதினொரு வருடம் ஆகியிருக்காது. என்னை நம்பி நீ வாயை மூடிக்கொண்டது பெரிய தப்பு.

வண்டியை மகளிடம் கொடுக்கவில்லை. சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அந்த இறக்கத்தில் அவள் பாரத்தோடு இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை வெறும் வண்டியை இறக்கிப் பார்க்க வேண்டும். என்னால் முடியாது. நேற்று மேட்டின் உச்சி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். நீதான் ஓட்ட வேண்டும். பெடலை முதலில் நிறுத்தி வைத்து மிதித்துப் பார். மெத்தென்று இருந்தால் சொல். எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றுகிறேன். பிறகு இறங்கலாம். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போடு. வா.

உன் அண்ணன்