‘செ’ எழுதிய வரிகள்

இன்று காலை நம் கணினி அறையிலிருந்து அந்தப் பழைய கணினியைக் கழற்றி எடுத்துப் போனார்கள். கடைசியாக ஒருமுறை அதை ஓட்டிப் பார்த்தபோது சூடான தூசி வாசம் வந்தது. “முந்திரிக்கொட்டை வறுக்குறாங்கடி உள்ள” என்று நீ சொல்வாயே, அதே வாசம்.

நம் நிரல் இனி அதில் இல்லை. கவலைப்படாதே. சிறப்பு வகுப்பு முடிந்த பிறகு உடையார்பாளையத்திலிருந்து எந்த ஊருக்கு எந்த பஸ் என்று சொல்லும் நம் செயலியை, போன வாரமே இணையத்தில் ஒரு புதிய இடத்துக்குக் குடியேற்றிவிட்டேன். வெறும் கோப்புகளை மட்டும் அல்ல. எந்த வரியை யார் எழுதியது, பிறகு ஏன் மாற்றியது என்று பழைய கணினி சேர்த்து வைத்திருந்த வரலாறு முழுவதையும்.

அதில்தான் சிக்கல் வந்தது. நம் இருவருக்கும் ஒரே பெயர். வகுப்பில் இனிஷியலைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் ‘மு’, நீ ‘செ’. பழைய கணினியிலும் அந்த ஒற்றை எழுத்துகளில்தான் நுழைந்தோம். புதிய இடமோ, ஒவ்வோர் எழுத்துக்கும் முழுப்பெயரும் மின்னஞ்சலும் கேட்டது. உனக்கு மின்னஞ்சல் கிடையாது. “அப்புறம் ஆரம்பிச்சுக்கலாம்” என்றாய். அதற்குள் காய்ச்சல் வந்து, திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

“ரெண்டும் ஒரே பேருதானம்மா? உன் மெயிலையே ரெண்டுக்கும் போட்டுடு” என்றார் கணினி சார். அன்பாகத்தான் சொன்னார்.

“அப்படிப் போட்டா அவ எழுதினதும் நான் எழுதினதா ஆயிடும் சார்.”

“ஆனா என்ன? போட்டிக்கு அனுப்புறப்ப உனக்குத்தான் நல்லது.”

“வேணாம் சார். அவ வரி அவ பேர்லதான் இருக்கணும்.”

உன் பெயரைப் போடலாமா என்று அன்று மாலையே உன் அம்மாவிடம் கேட்டேன். “இனிஷியலோட போடும்மா” என்றார். போட்டேன். மின்னஞ்சலுக்கு நானே ஒன்றை இட்டுக்கட்டி எழுதினேன். அதற்கு யார் கடிதம் அனுப்பினாலும் போய்ச் சேராது. நம் இருவரையும் பிரித்துக் காட்ட அது போதும்.

மாற்றம் முடிந்ததும் ஒவ்வொரு திருத்தத்தோடும் நீ எழுதி வைத்த குறிப்புகள் வரிசையாகத் திரையில் வந்தன. ‘மழை பெஞ்சா இந்த பஸ்ஸை நம்பாதீங்க.’ ‘மு கூட்டல்ல வீக். சரி பண்ணிட்டேன்.’

சார் சிரித்துவிட்டார். “ஏம்மா, இப்படியா வாருவா உன்னை?”

“நேர்ல இதவிட மோசம் சார்.”

எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பாதிக்கு மேல் நீ எழுதியது. இனி யார் திறந்து பார்த்தாலும் அது தெரியும்.

நேற்று ஒரு சோதனை. கங்கைகொண்ட சோழபுரம் போகும் கடைசி பஸ்ஸின் நேரத்தை மாற்றிவிட்டார்கள். அந்த வரி உன்னுடையது. நான் தொட்டால் பக்கத்தில் இருக்கும் ‘செ’ போய் ‘மு’ வந்துவிடும். விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் போய்விட்ட பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பார்களே. மாற்றிவிட்டேன். நீ எழுதியது வரலாற்றில், அதற்கு நேர் கீழே, அழியாமல் இருக்கிறது.

என்ன மாற்றினோம் என்பதைவிட ஏன் மாற்றினோம் என்பதைத்தான் எழுத வேண்டும் என்று சண்டை போடுவாயே, அந்தப் பிடிவாதம் இப்போது என்னிடம் இருக்கிறது. அதனால் குறிப்பில் இப்படி எழுதினேன்:

‘செ போட்டது சரிதான். பஸ்தான் மாறிடுச்சு.’