நான்கு வாரம் முன்னதாகக் குடித்த உமேஷு

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் ஜப்பானிலிருந்து வந்தான். பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். "அம்மா, இது பிளம்ஸ் ஒயின். அங்க உமேஷுன்னு சொல்வாங்க. நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாக்கணும்" என்றான். மூடியைத் திருகியதுமே வாசனை வந்துவிட்டது. அவனோ பாடம் நடத்திக்கொண்டிருந்தான். சின்னக் கிளாஸாம், ஒரே ஒரு பெரிய ஐஸ்கட்டியாம், அவசரப்படக் கூடாதாம். எனக்கு எரிச்சலாக வந்தது. அவன்மேல் இல்லை, தோழி, உன்மேல். அவன் பிறப்பதற்கு முன்பே இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்படிச் சொன்னால் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன்னைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலை வலிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோதும் என்னைப் பேசவிடவில்லை. இனி நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

நமக்கு அப்போது இருபத்து நாலு வயது. கடற்கரைத் தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் நர்ஸ். நர்சுகள் விடுதியில் ஒரே அறை. நான் நாசரேத்து வாத்தியார் மகள். மதுவின் தீமைகளைப் பற்றி எங்கள் அப்பா பேசிய பேச்சுகளைக் கேட்டே வளர்ந்தவள். நீ கடற்கரைப் பிள்ளை. உன் அப்பாவும் அண்ணன்களும் கப்பலில் போனவர்கள். எதற்கும் பயப்படாதவள் என்று உனக்குப் பெயர். அந்தப் பெயர்தான் நம்மைக் கெடுத்தது.

புதுத் துறைமுகம் அப்போது கட்டி முடியவில்லை. உப்பு ஏற்ற வந்த ஜப்பான் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, தோணிகள் மூட்டைகளைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. அந்தக் கப்பலின் சமையல்காரர் மொரி, கரைக்கு வரத் தோணியில் இறங்கும்போது கால் சிக்கி எலும்பு நொறுங்கி நம்மிடம் வந்தார். கப்பல் அவருக்காகக் காத்திருக்கவில்லை. அவருடைய பெட்டியையும், கம்பளியில் சுற்றிய ஒரு பெரிய கண்ணாடிச் சாடியையும் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டது.

ஆறு வாரம் அவர் காலுக்குக் கட்டுப் போட்டவள் நீ. சாடிக்குள் என்ன என்று கேட்டவளும் நீதான். வடுமாங்காய் அளவில் பச்சைக் காய்கள் மஞ்சள் திரவத்தில் மிதந்தன. உமே என்ற காய், கற்கண்டு, வெள்ளைச் சாராயம், அவ்வளவுதான் என்றார் பாதி இங்கிலீஷிலும் மீதி கையாலும். ஜூன் மழையில் காய் பறித்து, ஈரம் போகத் துடைத்து, காம்புக் குழியைக் குச்சியால் சுத்தம் செய்து அவர் மனைவி வருஷா வருஷம் போடுவாராம். இந்தச் சாடியை அந்த வருஷம் அவரே போட்டாராம். வெயில் காலமென்றால் ஐஸ், குளிர் காலமென்றால் வெந்நீர். வேலையெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஒரு சின்னக் கிண்ணம். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்க வேண்டும். பழம் கடைசியில். "கோபமா இருந்தா, இன்னிக்கு வேண்டாம். நாளைக்கு" என்று அவர் சொன்னதை நீ நடித்துக் காட்டுவாய்.

நவம்பரில் ஊருக்குக் கிளம்பியபோது சாடியை உன்னிடம் கொடுத்தார். ஒற்றை விரலைக் காட்டி, "ஒரு வருஷம்" என்றார்.

அந்த ஒரு விரல்தான் வினை. நீ சாடியை என் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தாய். வாரம் ஒருமுறை இழுத்து மெதுவாக ஆட்டிவிட்டு, மறுபடி உள்ளே தள்ளினாய். நான் ராத்திரி ஜெபத்தில் அப்பாவுக்காக வேண்டும்போதெல்லாம் அது எனக்குக் கீழே இருந்தது. ஜூன் பிறந்ததும் சொன்னேன்.

"ஏளா, வருஷம் ஆயிட்டு. குடிச்சு முடிப்போம். இல்லன்னா கொட்டிருவோம்."

"எங்கன ஆச்சு? நவம்பர்லதான ஆகும்?"

"காயைப் போட்டது ஜூன்லளா. அதுலருந்துதான் கணக்கு."

"அவரு நம்ம கையில குடுத்த நாள்லருந்துதான் கணக்கு. அவரு விரலைக் காட்டுனது என்னிக்கு? நவம்பர்லதான?"

எத்தனை நாள் இதையே பேசினோம்! எனக்கு நியாயம் தெரியும், உனக்குப் பிடிவாதம் தெரியும். என்றைக்கும் போல நீ ஜெயித்தாய். இடையில் எடுத்திருந்த மதுவிலக்கு செப்டம்பரில் திரும்ப வந்தது. அதுவரை ஒளித்து வைத்த சங்கதியாக இருந்தது, ஒரே நாளில் சட்டப்படி குற்றமாகிவிட்டது. "இன்னிக்கே குடிப்போம்ளா" என்று உன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "இன்னும் ரெண்டு மாசம்தான, பொறுளா" என்று சிரித்தாய்.

அக்டோபரில் வெள்ளையடிக்க விடுதிக் கட்டில்களை வெளியே தூக்கினார்கள். நாம் வார்டிலிருந்து வருவதற்குள் சாடி மேட்ரன் அம்மாவின் மேசைமேல் இருந்தது.

"யாரோடது இது?"

நான் மூச்சை இழுப்பதற்குள் நீ சொல்லிவிட்டாய். "என்னோடது மேட்ரன் அம்மா. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. துணி மூட்டைன்னு சொல்லி வச்சிருந்தேன்."

மேட்ரன் அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த அறையில் நான் செய்த ஒரே காரியம் அதுதான். போலீசுக்குச் சொல்ல மாட்டேன், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் இதையும் தூக்கிக்கொண்டு போய்விடு என்றார் உன்னிடம். நீ அங்கேயே நின்றபடி எழுதினாய். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. எனக்கு அதுவும் கோபம்தான்.

உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணன் மீன் பெட்டிகளுக்கு வாங்கிய ஐஸ்பாளத்திலிருந்து ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தான். நீ இரண்டு சில்வர் டம்ளர்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாய். அந்த நேரத்தில் என்ன கழுவல் என்று எனக்கு ஆத்திரம். அகப்பையால் மொண்டு ஊற்றினாய். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

"மெல்லக் குடிளா. விளக்கெண்ணெயா குடிக்கே?"

"நான் போய் மேட்ரன் அம்மாட்ட சொல்லுதேன். நம்ம ரெண்டு பேரோடதுன்னு சொல்லுதேன்."

"சொன்னா என் வேலை திரும்பி வருமா? ஒன் வேலையும் போகும். ஒனக்குக் கீழ மூணு தங்கச்சி இருக்காளுவ."

"அதை நீயா முடிவு பண்ணுவியா?"

"ஆமா, நான்தான் பண்ணுவேன்."

நான் அழுதேன். நீ கண்ணை மூடி, மொரி சொன்னது போலவே ஒரு மிடறை வாயில் வைத்திருந்து விழுங்கினாய். "புளிப்பு முன்னால வருது. இனிப்பு அதுக்குப் பொறவு மெதுவா வருது" என்றாய். சுருங்கிப்போன பழத்தைக் கடித்துக் கொட்டையை உள்ளங்கையில் துப்பினாய். எனக்கு ஒரு ருசியும் தெரியவில்லை. உப்புத்தான் தெரிந்தது.

அடுத்த மாதம் நீ பம்பாய் போனாய். நல்ல வேலை, நல்ல மாப்பிள்ளை, ஒரு மகள். கடிதத்தில் நான் அந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் பதிலில் மழையைப் பற்றி எழுதினாய். டெலிபோன் வந்த பிறகு, "அதை விடுளா, வேற பேசு" என்றாய். ஒருவரை மன்னிப்புக் கேட்கவே விடாமல் வைத்திருப்பதும் ஒரு கொடுமைதான். அது உனக்குத் தெரிந்திருந்ததா?

நேற்று உன் வருஷ நினைவுப் பூசைக்கு உன் மகள் வந்திருந்தாள். அம்மா பம்பாய் ஆசையில் ஊர் வேலையை விட்டாங்களாமே என்று கேட்டாள். அவளிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறாய். கோயில் வாசலிலேயே நிற்க வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க ஏன் ஆன்ட்டி ஒண்ணும் சொல்லலை?"

இந்தக் கேள்வியை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கவிடாமல் நீ பார்த்துக்கொண்டாய். "பயந்துட்டேன்மா" என்றேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

கடைசிப் பதினோரு வருஷம் அதே ஆஸ்பத்திரியில் நான் மேட்ரனாக இருந்தேன். உனக்கு அது தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. இரண்டு நர்ஸ் பிள்ளைகள் தப்புச் செய்து என் முன்னால் வந்து நிற்பார்கள். ஒருத்தி உன்னைப் போல நெஞ்சை நிமிர்த்தி, "நான்தான், இவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்பாள். நான் அவளைப் பார்க்க மாட்டேன். பக்கத்தில் தரையைப் பார்த்து நிற்பவளிடம், "நீ சொல்லு" என்பேன். வார்டில் மணி அடித்தாலும், வெளியே ஆள் காத்திருந்தாலும், அவள் வாய் திறக்கும்வரை பொறுத்திருப்பேன். சிலர் சொன்னார்கள். சிலர் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லாதவர்களை நான் திட்டியதே இல்லை.