ஈரம் காயமுதல் பூசிய களிம்பு

எவ்வுயிர்க்கும் இரங்கும் எம்பெருமான் திருவடிகளை முதலில் வணங்குகிறேன்.

என் இல்லறத் துணையே,

இன்று அலுமாரியில் திருநீற்றுப் பையைத் தேடுகையில் உன் தகரப் பேணி கையில் பட்டது. அடியில் ஒட்டியிருந்த மஞ்சட் களிம்பில், மழையில் நனைந்த ஆட்டின் வாடை இன்னும் இருக்கிறது. நீ மறைந்து மூன்று ஆண்டுகள்.

தர்மபுரத்தில் நாம் காடு வெட்டிக் குடியேறிய மறுவருடம், வயலில் களை பிடுங்கிய உன் கைகள் வெடித்தன. நல்லெண்ணெயில் தேன்மெழுகை உருக்கித் தந்தேன். அது பிசுபிசுத்துத் தூசியைத்தான் பிடித்தது.

"இஞ்சருங்கோ, உங்கட மெழுகு வாசலிலயே நிக்குது. உள்ளுக்கு வரமாட்டனெண்டுது" என்று சிரித்தாய்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் மருந்து கலப்பவர் வேறொரு களிம்பு தந்தார். எதனால் ஆனது என்றேன்.

"ஆட்டு ரோமக் கொழுப்பு, ஐயா."

கொழுப்பு என்றதும், ஆட்டைக் கொன்றெடுத்தது என்ற எண்ணத்தில் என் செவி அடைத்துக்கொண்டது. பேணியை மேசையிலேயே வைத்துவிட்டு உன்னை அழைத்து வந்தேன். கோயிலில் புராணப் பாட்டுக்குப் பயனும் பொருளும் சொல்லும் என் நா, கை நோகிறதா என்று உன்னைக் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, நீ கட்டிய நந்தியாவட்டை மாலையில் செம்புள்ளிகள்.

"இரத்தம் பட்டிட்டுது. சுவாமிக்கு ஆகாது" என்று மாலையை வேலியோரம் போட்டாய். பின்பு கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாய். அன்று எனக்கு வாசிப்பு ஓடவில்லை.

மறுநாள் சைக்கிளில் தனியே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"ஆட்டைக் கொல்லுறேல்லை, ஐயா. கத்தரிச்ச மயிரைக் கழுவேக்க வாறது. அண்டைக்கு நான் சொல்ல முதல் எழும்பிட்டியள்" என்றார் மருந்து கலப்பவர். மெழுகு தோலை மேலே மூடி நிற்கும், இதுவோ நீரையும் ஏற்றுத் தோலுக்குள் இறங்கும் என விளக்கினார். "கையை நனைச்சு, ஈரம் காயமுதல் பூசச் சொல்லுங்கோ."

அன்று மாலை அந்தப் பேணியோடு வந்து உன் கைகளை நானே நனைத்துப் பூசினேன். கேட்டறிந்ததைச் சொன்னேன். விரல்களைப் பார்த்தபடி நீ சொன்னாய்:

"ஓம், ஆட்டுக்கு நோகேல்லையாம். எனக்குத்தான் நொந்தது."

இரண்டு கிழமையில் வெடிப்புகள் மூடின. அதையடுத்த வெள்ளிக்கிழமை நீ கட்டிய மாலை வெண்மையாகவே சுவாமிக்குச் சென்றது. உன் சொல் என்னோடு தங்கியது. இன்றும் ஒன்றை ஆகாதென்று விலக்க என் கை நீளும்போது அது முன்னே வந்து நிற்கிறது. விலக்கினால் நோவது யாருக்கு என்று பார்த்த பின்பே விலக்குகிறேன்.

இதனை வாசிப்போர் இல்லங்களில் உழைக்கும் கைகள் நோவின்றி வாழ்க. நொந்தால், காலம் தாழ்த்தாது பற்றும் கையொன்று அருகிருக்க இறைவன் அருள்க.