கிணற்றடி எஞ்சின் விட்ட கரும்புகை

எருமப்பட்டி,
31-10-64

அன்பு மகன் அர்த்தநாரிக்கும் மருமகள் சௌந்திரத்துக்கும் அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், எருமைகள் சுகம், எஞ்சினும் சுகம். பிலாயில் நீங்கள் இருவரும் சுகமாக இருக்கத் திருச்செங்கோட்டு மலைமேல் இருப்பவர் துணை. எஞ்சின் சுகமான கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், வேலைக்குப் போகும் அவசரத்தில் படிக்காதே, உட்கார்ந்து படி.

ஆயுத பூசைக்கு மறுநாளிலிருந்து கிணற்றடி ஆயில் எஞ்சின் கன்னங்கரேலென்று புகை விடுகிறது, தண்ணீர் பாதிகூட வரவில்லை என்று எழுதியிருந்தேன். நீ என்ன பதில் போட்டாய்? பிஸ்டன் ரிங் தேய்ந்துபோயிற்று, உள்ளே ஆயில் எரிகிறது, விற்றுவிட்டு இங்கே வந்துவிடு, இதெல்லாம் உனக்குப் புரியாது அம்மா என்று. நாமக்கல் மெக்கானிக்கும் எஞ்சினில் கை வைக்காமல் வரப்பில் நின்றபடியே அதைத்தான் சொன்னான். உன் சித்தப்பா சுவாமிநாதனுக்கு அது போதாதா. ஏனுங்க அண்ணி, ஒத்தப் பொம்பளைக்கு எதுக்குங்க இந்தச் சனியன், காட்ட நான் உழுதுக்கறேன், நீங்க பையன் ஊட்டுல போய் உக்காந்து சோறு தின்னுங்க என்று சொல்லி, வெள்ளிக்கிழமை எஞ்சினைத் தூக்கிப்போகத் தம்மம்பட்டி ஆள் ஒருவரை வரவும் சொல்லிவிட்டார். எஞ்சின் போனால் காட்டில் நட்டிருக்கும் வெங்காயம் காயும், வெங்காயம் காய்ந்தால் காடு அவர் கைக்குப் போகும், நான் உன் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நீ மூன்றாம் வகுப்புப் படிக்கையில் வீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் புத்தகத்திலேயே எழுத்துப் படித்தவள் நான். புரியாது என்று எவன் சொல்லியும் நான் அடங்கியதில்லை.

ஆயில் எரிகிறது என்றால் ஆயில் குறைய வேண்டும் அல்லவா. அளவுக் கம்பியில் ஆணியால் கோடு கிழித்து நான்கு நாள் பார்த்தேன், ஒரு நூல் குறையவில்லை. பிறகு உன் அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைப் புகைக்குழாய் எதிரே விரித்துப் பிடித்தேன். பண்ணைய வேலைக்கு வரும் அம்மாசி, ஏனுங்க ஆத்தா, எஞ்சினுக்குத் தொட்டில் கட்டறீங்களா என்று சிரித்தான். துணியில் உலர்ந்த கரி படிந்ததே தவிர எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, ஆகவே ரிங் மேல் தப்பில்லை. பெல்ட்டைக் கழற்றி வெறுமனே ஓட்டினால் புகை குறைகிறது, தண்ணீர் இழுக்கவிட்டால் கறுக்கிறது. அடுப்பில் விறகைத் திணித்து வாயை அடைத்தால் எப்படிப் புகையும், அதே புகை. தீக்கு மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான். வியாழக்கிழமை காலை, காற்று இழுக்கும் தகர டப்பாவைக் கழற்றி வைத்துவிட்டு எஞ்சினை ஓடவிடச் சொன்னேன் அம்மாசியிடம். சத்தமே மாறிவிட்டது சாமி, கணகணவென்று ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் புரண்டு வருகிறது. பொகையவே காணமுங்க ஆத்தா என்று அம்மாசி துண்டைத் தலைக்குமேல் சுற்றிக்கொண்டு வரப்பில் ஓடினான். எனக்கும் ஓடத் தோன்றியது, முழங்கால் விடவில்லை. டப்பாவைத் திறந்தால் உள்ளே இருக்கும் கம்பிவலை முழுக்கப் பச்சையாக ஏதோ அப்பிக் காய்ந்து கிடந்தது. மண்ணெண்ணெயில் இரண்டு முறை அலசி, அடியில் புது ஆயில் ஊற்றி மாட்டினோம். டப்பா இல்லாமல் ஓட்டினால் மண் உள்ளே போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும், நீ எழுத வேண்டாம்.

நேற்றுத் தம்மம்பட்டிக்காரர் வண்டியோடு வந்தார். ஓடுகிற எஞ்சினையும் தெளிந்த புகைக்குழாயையும் பார்த்துவிட்டு, இதையாப்பா செத்துப்போச்சுன்னு சொன்னே என்று உன் சித்தப்பாவைக் கேட்டுக்கொண்டே வண்டியைத் திருப்பிவிட்டார். சித்தப்பா என்னிடம் ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். வெங்காயத்துக்குக் கடைசிப் பாத்திவரை தண்ணீர் பாய்ந்துவிட்டது. ஆகவே நான் பிலாய்க்கு வரவில்லை, இனி அதைப் பற்றி எழுதாதே.

அந்தப் பச்சை எப்படி வந்தது என்று நீ கேட்பாய், படித்தவன். பூசைக்கு முந்தின நாள் எஞ்சினைத் துடைக்கும்போது கம்பிவலை ஒரே எண்ணெயாக இருந்தது. தலை எண்ணெயே போகிறதே, இது போகாதா என்று தலைக்குத் தேய்க்கும் அரப்பு இலைப்பொடியைக் குழைத்துப் போட்டு நான்தான் தேய்த்தேன். நன்றாகத்தான் தேய்த்தேன், அலசியதில் சிறிது குறை. அம்மாசி எலி வேலை என்று நினைக்கிறான், சித்தப்பாவும் அப்படியே நினைக்கட்டும். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். தீபாவளிக்கு வரமுடியாது என்றாய், தைக்காவது வந்து புகைக்குழாயைப் பார்த்துவிட்டுப் போ. அரப்பு இரண்டு படி பார்சலில் அனுப்பியிருக்கிறேன், தலைக்கு மட்டும் போடவும்.

உன் அம்மா
சென்னியம்மாள்