பின்னால் உட்கார்ந்த மதினிக்கு

மதினி, ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் விளக்கெண்ணெய் வாசம் போகவில்லை. இன்று காலை உன் மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது. நீ கண்ணை மூடி மூன்று வருசம் கழித்து, உன் மூக்கு வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. பாவம் பிள்ளை.

என் தலைப்பிரசவத்தன்றும் வீடெல்லாம் இதே வாசம்தான். வெள்ளைக்காரன் போன மறுவருசம். அம்மா இல்லாத பாம்பன் வீட்டுக்கு, அண்ணன் பெண்டாட்டி உன்னை நம்பித்தான் பிள்ளை பெற வந்தேன். வந்தவள் வாய் சும்மா இருந்ததா? நீ வைத்த மீன் குழம்பை விருந்தாளிகள் முன்னால், கடல் தண்ணியைக் காய்ச்சி ஊற்றியிருக்கலாமே என்றேன். அன்றோடு பேச்சை நிறுத்தினாய். ரெண்டு மாதம் நம் சங்கதியெல்லாம் முற்றத்துக் கோழி வழியாகத்தான் போனது. "ஏ கோழி, சோறு வடிச்சாச்சு, திங்கிறவுக திங்கலாம்" என்பாய். நானும் கோழியிடம்தான் உப்புக் கேட்பேன்.

விடியலில் கண்ட வலி, வெயில் சாய்ந்தும் தீரவில்லை. படுத்தே கிடந்தேன், பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சியின் முகம் மாறியதைப் பார்த்ததும்தான் செத்துப்போவேனோ என்று பயம் வந்தது. படுத்தால் ஆகாது, குத்தவைத்து உட்கார வேண்டும், பின்னாலிருந்து ஒருத்தி அணைத்துப் பிடிக்க வேண்டும் என்றாள். வீட்டில் வேறு பெண் நீ மட்டும்தான். அந்த நேரத்திலும் நான் கோழியைத் தேடினேன். நீ தேடவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்தாய். அக்குளுக்குள் கை கொடுத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாய். உன் முகம் எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் காதோரம் கேட்டது.

"சாஞ்சுக்கடி. மொத்தமாச் சாஞ்சுக்க. நான் விழுந்துற மாட்டேன்."

சாய்ந்தேன். வலி கொஞ்சம் விட்டபோது, "அன்னைக்குக் குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு மதினி" என்றேன்.

"இப்பமும் பொய்யா? முக்கு."

பிள்ளை அழுத பிறகு, கால் மரத்துப்போய் உன்னால் எழ முடியவில்லை. மருத்துவச்சி தூக்கிவிட, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தாய். பெற்ற உடம்பு நோக நோகச் சிரித்தேன்.

இன்று உன் மகளுக்கும் பிள்ளை இறங்கத் தாமதம்தான். பின்னால் நான் உட்கார்ந்தேன். "எலும்பு குத்துது அத்தை" என்றாள். உன்னைப்போல் மெத்தை எனக்கு ஏது? நீ சொன்னதையே அவள் காதில் சொன்னேன். மொத்தமாய்ச் சாய்ந்தாள். என் முதுகுக்குப் பின்னால் சுவர்கூட இல்லை மதினி. இருந்தும் விழவில்லை. எதில் சாய்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியும்.

கால்தான் இன்னும் மரத்துக் கிடக்கிறது. வந்து சிரித்துவிட்டுப் போ.